இளங்கோவடிகளின் குடும்பப் பெயர் 'அடிகள்' அல்ல: ஆய்வேட்டு நெறிமுறைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். மொரீசியசில் தமிழ் ஆய்வேடுகளுக்கான கையேட்டைத் திருத்தி எழுதப் போகிறீர்கள் என்று மாணவர்கள் சொன்னார்கள். நான் பேராசிரியர் இல்லை. ரோஸ்ஹில்லில் வீட்டு முன்னறையில் ஒரு கணினியும் பிரிண்டரும் வைத்துக்கொண்டு, 15 ஆண்டுகளாக மாணவர்களின் ஏடுகளைத் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, பைண்டிங்குக்கு அனுப்புகிறவள். ஏட்டுக்குள் இருக்கும் ஆராய்ச்சியைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் கடைசிப் பத்துப் பக்கத்தைப் பற்றி, அதாவது துணைநூற் பட்டியலைப் பற்றி, பேசலாம் என்று நினைக்கிறேன். அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பவள் பெரும்பாலும் நான் ஒருத்திதான்.

இப்போது என் மேசையில் சிலப்பதிகாரம் பற்றிய ஓர் ஏடு கிடக்கிறது. எழுதியவள் உழைப்பாளி; வீட்டில் கிரியோல் பேசி வளர்ந்து, பள்ளியில் தமிழ் படித்து, இந்த அளவுக்கு எழுத வந்திருக்கிறாள். அவளுடைய பட்டியலில் முதல் பெயர் 'அடிகள், இ.' சற்றுக் கீழே 'தாசன், பா.' அதற்கும் கீழே 'பித்தன், பு.' இளங்கோவடிகளும் பாரதிதாசனும் புதுமைப்பித்தனும் அகர வரிசை தவறாமல் நிற்கிறார்கள்.

சிரித்துவிட்டேன். பிறகு அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் உங்கள் கையேட்டை எடுத்துப் பிரித்துக் காட்டினாள். 'குடும்பப் பெயர் முதலில், பிறகு காற்புள்ளி, பிறகு முற்பெயரின் முதலெழுத்து' என்று அச்சில் இருக்கிறது. பெண் மேல் தப்பே இல்லை. சொன்னதைச் செய்திருக்கிறாள்.

இந்தத் தீவில் அந்த விதி இயல்பாகத் தோன்றும். நமக்குக் குடும்பப் பெயர் இருக்கிறதே. கப்பலில் வந்து இறங்கிய ஒரு முன்னோரின் சொந்தப் பெயரை எழுத்தர் பிரெஞ்சு உச்சரிப்பில் பதிவேட்டில் எழுதினார். அன்றிலிருந்து அவர் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேத்தி எல்லாருக்கும் அதுவே குடும்பப் பெயர். ராமசாமி ஒருவர், அவர் வழியில் வந்த ராமசாமிகள் நூறு பேர். ஆகவே மொரீசியஸ்காரர் ஒருவரின் நூலைப் பட்டியலில் சேர்க்கும்போது குடும்பப் பெயரை முன்னால் போடுவது சரி. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அப்படி இல்லை. அங்கே பெரும்பாலோருக்கு முதலெழுத்து அப்பாவுடையது, சில சமயம் ஊருடையது. பெயர் ஒன்றுதான் அவருடையது.

நூலகத் துறைக்கே ஐந்து விதிகள் எழுதித் தந்த எஸ்.ஆர். ரங்கநாதனை எடுத்துக்கொள்ளுங்கள். சியாளி என்பது சீர்காழி, ராமாமிர்தம் அப்பா பெயர், ரங்கநாதன் அவர் பெயர். 'ரங்கநாதன், எஸ்.ஆர்.' என்று உலகம் முழுக்க எழுதுகிறார்கள், சரியாகவும் இருக்கிறது. ஆனால் அது விதியின் சாமர்த்தியம் இல்லை. சொந்தப் பெயர் கடைசியில் வந்தது, தப்பித்தார். மு. வரதராசனும் அப்படியே 'வரதராசன், மு.' என்று தப்பிக்கிறார். அந்த 'மு.' முனுசாமி என்று தெரிந்துகொண்ட ஒரு மாணவர், குடும்பப் பெயரைக் கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சியில் 'முனுசாமி, வ.' என்று எழுதிக்கொண்டு வந்தார். அந்தப் பெயரில் நூலகத்தில் தேடினால் தமிழ் இலக்கிய வரலாறு எழுதியவர் கிடைப்பாரா? அப்பாதான் கிடைப்பார், அவரும் கிடைக்க மாட்டார்.

பாஸ்போர்ட் எடுக்கும்போது அப்பா பெயரைக் கடைசியில் சேர்த்துக்கொண்ட இந்தத் தலைமுறை ஆய்வாளர்களிடம் குழப்பம் இன்னும் அதிகம். மின்னூல் கடைகளில் அவர்கள் பெயர் முதலெழுத்து இல்லாமல் இரண்டு முழுப் பெயராக நிற்கும். எது அவர், எது அப்பா என்று நூலின் உள்பக்கத்தைப் பார்த்தால்தான் புரியும்.

1998இல் புது ரூபாய் நோட்டில் தமிழ் வரியை இந்தி வரிக்குக் கீழே தள்ளினார்கள் என்று தெருவுக்கு வந்தவர்கள் நாம். அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வைத்தோம். எழுத்தின் வரிசைக்கு அவ்வளவு ரோசம் காட்டிய ஊரில், பாரதிதாசனை 'தாசன், பா.' ஆக்குவதற்கு ஒரு கையேடு இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

கையேட்டில் இதற்கு நாலு வரி போதும். தமிழ்நாட்டு, இலங்கை ஆசிரியரை அவருடைய சொந்தப் பெயரில் வரிசைப்படுத்து. முதலெழுத்தைப் பின்னால் போடு, விரிக்காதே. மொரீசியஸ், ரீயூனியன், தென்னாப்பிரிக்க ஆசிரியருக்குக் குடும்பப் பெயர் உண்டானால் அதில் வரிசைப்படுத்து. புனைபெயரை உடைக்காதே. முனைவர், புலவர், வித்துவான் என்ற பட்டங்களை விடு. ஆனால் மறைமலை அடிகளில் உள்ள 'அடிகள்' பட்டம் மாதிரி இருந்தாலும் பெயரோடு ஒட்டிவிட்டது, அதைத் தொடாதே. துணைநூற் பட்டியல் போடும் ஜோட்டெரோ மென்பொருளைப் பயன்படுத்தும் மாணவர்களுக்கு ஒரு வரி கூடுதலாக: அதில் ஆசிரியர் பெயருக்கு இரண்டு பெட்டி வரும், பக்கத்தில் உள்ள சிறு பொத்தானை அழுத்தினால் ஒரே பெட்டியாகிவிடும். இளங்கோவடிகளை அந்த ஒற்றைப் பெட்டியில் போட்டால் மென்பொருள் அவரை வெட்டாது.

பெயரை விட்டு ஆண்டுக்கு வந்தால் அங்கேயும் ஒரு வேடிக்கை. ஒரு பட்டியலில் வெளியான ஆண்டு 2055 என்று இருந்தது. புத்தகம் இன்னும் அச்சுக்கே போகவில்லையே என்று பயந்து பார்த்தால், அது திருவள்ளுவர் ஆண்டு. 31ஐக் கழித்தால் 2024. பழைய பதிப்புகளில் 'நந்தன வருஷம்' என்று மட்டும் போட்டிருப்பார்கள். அது 1892ஆகவும் இருக்கலாம், 1952ஆகவும் இருக்கலாம், 2012உம் நந்தனம்தான். தாளையும் அச்சையும் முன்னுரையையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்ததைச் சதுர அடைப்புக்குள் போடச் சொல்லுங்கள். அது நூலில் இல்லாதது, மாணவர் கணித்தது என்று படிப்பவருக்குத் தெரியும்.

இனி மின்னூல். இந்த மடலை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

சென்னைக்குப் போய் வருகிறவர்களின் பெட்டியில் புடவைக்கும் பித்தளை விளக்குக்கும் நடுவில் இடம் கிடைத்தால்தான் நமக்குத் தமிழ்ப் புத்தகம். அதனால் இங்கே மாணவர்கள் படிப்பதில் பெரும்பகுதி திரையில். குறை சொல்லவில்லை. மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இலங்கையின் நூலகம் தளமும் இல்லாவிட்டால் இத்தீவில் தமிழ் ஆராய்ச்சியே நடக்காது. ஆனால் கையேட்டில் மின்னூலுக்கு இருப்பது ஒரே வரி: 'இணைய முகவரியையும் பார்த்த தேதியையும் தருக.' மாணவர்கள் தருகிறார்கள். மூன்று வரி நீளத்துக்கு, பாதி எண்ணும் பாதி சதவீதக் குறியுமாக ஒரு முகவரி. ஆசிரியர் இல்லை, பதிப்பகம் இல்லை, பக்கம் இல்லை. அடுத்த ஆண்டு அந்த முகவரியை அழுத்தினால் ஒன்றும் திறக்காது.

என் கதையைச் சொல்கிறேன். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் அஞ்சல் வழியில் எம்.ஏ. படித்தேன். ஏட்டுக்கு வேண்டிய முக்கியமான நூலை ஸ்கேன் செய்த பிடிஎஃப் கோப்பாக யாரோ அனுப்பினார்கள். திரையின் மேலே தெரிந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து அடிக்குறிப்பு போட்டேன். திருத்தியவர் ஓரத்தில் எழுதி அனுப்பினார்: 'பக்கம் 57 என்கிறீர்கள். என் கையில் உள்ள புத்தகத்தில் 57இல் வேறு விஷயம் இருக்கிறது. பார்க்காமல் எழுதினீர்களா?' அவமானமாகப் போய்விட்டது. கோப்பைத் திறந்து பார்த்தால், அட்டை, உரிமைப் பக்கம், அணிந்துரை எல்லாம் சேர்த்து முன்னால் 16 பக்கம். கோப்பின் 57 புத்தகத்தில் 41. சரி, எல்லாவற்றிலும் 16ஐக் கழித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பாதியில் இடித்தது. ஸ்கேன் செய்தவர் நடுவில் இரண்டு பக்கத்தைத் தாண்டியிருக்கிறார். அங்கிருந்து 14தான் கழிக்க வேண்டும். அந்த இரண்டு பக்கம் இல்லாமலே நான் நூலைப் படித்து முடித்து, வாதம் செய்து, முடிவுரையும் எழுதியிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஸ்கேன் கோப்பு என்பது அச்சுப் புத்தகத்தின் புகைப்படம். அதற்கு மேற்கோள் காட்டும் முறையும் அச்சுப் புத்தகத்தினுடையதே: பக்கத்தின் மூலையில் அச்சாகியிருக்கும் எண், உரிமைப் பக்கத்தில் உள்ள பதிப்பகம், ஆண்டு. எந்த மின்னூலகத்தில் பார்த்தேன் என்பதைக் கடைசியில் சேர்த்தால் போதும். கோப்பு யார் மூலம் கைக்கு வந்தது என்பதை எழுத வேண்டாம். 'வாட்ஸ்அப் வழி பெறப்பட்டது' என்று ஒரு பட்டியலில் படித்திருக்கிறேன். நேர்மையான பையன்தான், ஆனால் அதை வைத்து யாரும் அந்த நூலைத் தேடிப் போக முடியாது.

கிண்டிலிலும் ஈபப் என்ற மின்னூல் கோப்பிலும் நிலைமை வேறு. அங்கே பக்கம் என்பதே நிலையில்லாதது. கியூர்பிப்பிலிருந்து ரெடுயிக்குப் போகும் பஸ்ஸில் ஒரு மாணவி நாவலைப் போனில் படித்துக்கொண்டே வருவாள். பஸ் குலுங்குகிறதென்று எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் 112ஆம் பக்கம் 187 ஆகிவிடும். பக்கத்தில் இருக்கும் தோழியின் போனில் அதே வரி 140இல் இருக்கும். கிண்டில் தரும் இட எண்ணும் அந்தக் கருவியைத் தாண்டிப் பயன்படாது. ஏபிஏ, எம்எல்ஏ, சிகாகோ என்ற மேற்கோள் முறைகள் மூன்றும் மற்ற விஷயங்களில் எவ்வளவோ வேறுபட்டாலும், கருவியைப் பொறுத்து மாறும் எண்ணை நம்பாதே, அத்தியாயத்தையோ உட்தலைப்பையோ சொல் என்பதில் ஒத்துப்போகின்றன. உட்தலைப்பும் அதன் கீழ் எத்தனையாவது பத்தி என்பதும் இருந்தால் யாரும் வந்து சேர்ந்துவிடலாம். சில மின்னூல்களில் அச்சுப் பக்க எண்ணையே உள்ளே பதித்திருப்பார்கள். அப்படி இருந்தால் கவலையில்லை, அதையே போடலாம்.

கையேடு 'கிண்டில் பதிப்பு' என்று அடைப்புக்குள் எழுதச் சொல்கிறது. நீங்கள் பின்பற்றும் ஏபிஏ முறையே 2019இல் வந்த 7ஆம் பதிப்பில் அதைக் கைவிட்டுவிட்டது. அச்சில் உள்ளதும் திரையில் உள்ளதும் ஒரே நூலென்றால் எதில் படித்தாய் என்பது தேவையில்லை. சுருக்கப்பட்ட பதிப்பாக இருந்தாலோ, ஒலிநூலாக இருந்தாலோ சொல்லத்தான் வேண்டும். இந்த மாற்றம் கையேட்டுக்கு வந்து சேராததால் ஒரு பக்க விளைவு: பதிப்பகம் இருக்க வேண்டிய இடத்தில் பாதிப் பேர் 'அமேசான்' என்று எழுதுகிறார்கள். அமேசான் கடை. கடைக்காரரா புத்தகம் போட்டார்? ஆசிரியரே நேரடியாக அங்கே வெளியிட்டிருந்தால் அது தனி விஷயம். மற்றபடி மின்னூலின் மூன்றாவது நான்காவது திரையில் பதிப்பகத்தின் பெயர் இருக்கும், விரலால் இரண்டு தடவை தள்ளினால் தெரிந்துவிடும். ஐஎஸ்பிஎன் எண்ணைப் பார்த்து அச்சு நூலோடு ஒப்பிட்டு, எண் வேறாக இருக்கிறது, ஆகவே நூலும் வேறு என்று முடிவு கட்டும் பிள்ளைகளும் உண்டு. ஒரே நூலின் தாள் அட்டைக்கு ஒரு எண், கெட்டி அட்டைக்கு ஒரு எண், மின்னூலுக்கு ஒரு எண் என்று கொடுப்பது வழக்கம்தான்.

அதே 7ஆம் பதிப்பு வெளியிட்ட ஊரையும் நீக்கிவிட்டது. 2024இல் வந்த சிகாகோ 18ஆம் பதிப்பும் 1900க்குப் பிந்தைய நூல்களுக்கு ஊர் கட்டாயமில்லை என்றது. கையேட்டைப் புதுப்பிக்கும்போது நீங்களும் நீக்கிவிடுவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். இங்கே மட்டும் அவர்களைக் கேட்காதீர்கள் என்பேன். பழைய தமிழ் நூலுக்கு ஊர் வேண்டும். ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிலும் அச்சகம் நடத்தினார், சென்னையிலும் நடத்தினார். ஒரே நூல் யாழ்ப்பாணத்தில் ஒரு தடவையும் சென்னையில் ஒரு தடவையும் அச்சாகி, இரண்டுக்கும் பாடவேறுபாடு இருக்கும்போது ஊர்ப் பெயர்தான் அடையாளம். நியூயார்க்கையும் லண்டனையும் எழுதி எழுதி அலுத்தவர்கள் போட்ட விதி நமக்குப் பொருந்தாது.

செவ்வியல் நூல்களுக்குப் பக்க எண்ணே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மாணவர்களுக்குப் பாதிச் சுமை இறங்கும். குறளுக்கு எண் உண்டு. சென்னைப் பதிப்பானாலும் போனானாலும் 1330க்குள் அந்த எண் மாறாது. (அதுவும் பரிமேலழகர் வைத்த வரிசை. மணக்குடவர் உரையில் அதிகாரத்துக்குள் குறள்கள் இடம் மாறி இருக்கும். மணக்குடவரை வைத்து ஆராய்கிறவர் இதைக் குறிப்பிட வேண்டும்.) புறநானூற்றுக்குப் பாட்டு எண், சிலம்புக்குக் காதைப் பெயரும் அடி எண்ணும். வழக்குரை காதை என்றால் எல்லாப் பதிப்பிலும் அது 20ஆவதுதான். கம்பனிடம் மட்டும் எச்சரிக்கை. பிற்காலத்தில் சேர்ந்தவை எனப்படும் மிகைப் பாடல்களை ஒதுக்கியவர் ஒதுக்கியபடி, சேர்த்தவர் சேர்த்தபடி எண் போட்டிருப்பதால் காண்டம், படலம், பாடல் எண் மூன்றோடும் எந்தப் பதிப்பு என்பதையும் சேர்க்காவிட்டால் பிரயோசனமில்லை.

மதுரைத் திட்டத்திலிருந்து எடுத்ததை மதுரைத் திட்டம் என்று சொல்லவே பலர் கூச்சப்படுகிறார்கள். அங்கே படித்துவிட்டு, பட்டியலில் 'உ.வே.சா. பதிப்பு, 1892' என்று எழுதுகிறார்கள், கனமாக இருக்கட்டும் என்று. உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை 1892இல் வெளியிட்டார் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் புத்தகத்தை இவர்கள் கண்ணால் பார்த்ததில்லை. 1998 பொங்கல் நாளில் தொடங்கி, எத்தனையோ ஊர்த் தமிழர்கள் கூலி வாங்காமல் தட்டச்சு செய்து ஏற்றியது மதுரைத் திட்டம். ஒவ்வொரு நூலின் தலையிலும் அதைத் தட்டியவர், பிழை பார்த்தவர் பெயர்கள் இருக்கும். நூலுக்கு ஒரு வரிசை எண்ணும் உண்டு, திருக்குறள்தான் அதில் முதல் எண். தட்டச்சுக்காரி என்பதால் சொல்கிறேன், அந்த எண்ணைக் குறிப்பிடுவதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை. தட்டச்சில் ஓர் எழுத்து விழுந்திருந்து, அந்தப் பிழையின் மேல் மாணவர் வாதம் கட்டியிருந்தால், எங்கிருந்து எடுத்தார் என்பது தெரிந்தால்தானே திருத்த முடியும்? ஜி.யு. போப்பின் 1886ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பில் குறளைப் படித்துவிட்டுத் தமிழ் மூலத்தைப் பட்டியலில் போடுவதும் இதே கணக்கில்தான் வரும்.

சாய்வெழுத்து விஷயம் ஒன்று. நூற்பெயரைச் சாய்வெழுத்தில் போடச் சொல்கிறீர்கள். தமிழ் எழுத்துரு பலவற்றில் சாய்வு என்று தனியாக வடிவமைத்தது கிடையாது, கணினி சும்மா பிடித்துச் சாய்க்கும். கொம்பும் காலும் பக்கத்து எழுத்தின் மேல் ஏறி, பிரிண்ட் எடுத்தால் மழையில் நனைந்த மாதிரி இருக்கிறது. தடித்த எழுத்து போதும். பிரெஞ்சுப் பழக்கத்தில் குடும்பப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லும் வரியையும் எடுத்துவிடுங்கள். தமிழில் பெரிய எழுத்து எங்கே இருக்கிறது?

போன ஆண்டிலிருந்து புதிதாக ஒன்று வருகிறது. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கிய பட்டியல். பெயர், பதிப்பகம், ஆண்டு, காற்புள்ளி, அரைப்புள்ளி எல்லாம் கையேட்டில் உள்ளபடி அச்சுக் குத்தினாற்போல் இருக்கும். நூல்தான் இருக்காது. பிழையே இல்லாத பட்டியல் வந்தால் இப்போதெல்லாம் எனக்குச் சந்தேகம் வருகிறது. ஐந்து நூலைத் தேர்ந்து நூலகப் பட்டியல்களில் தேடிப் பார்க்கிறேன். ஒரு நிபந்தனை சேர்க்கலாம் என்று தோன்றுகிறது: பட்டியலில் உள்ள ஒவ்வொரு நூலுக்கும் உரிமைப் பக்கத்தின் படத்தை மாணவர் தன்னிடம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும். இதற்குத் தனிச் செலவில்லை, கையில் போன் இருக்கிறது.

கையேட்டுக்கு நான் தட்டச்சு செய்த ஒரு மாதிரித் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரே பக்கம். பாதிப் பக்கம் சரியான வரிகள், பாதிப் பக்கம் இந்த 15 ஆண்டில் என் மேசைக்கு வந்த தவறான வரிகள், மாணவர் பெயர் இல்லாமல். ரங்கநாதனின் நான்காம் விதி வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. வாசகருடையதோடு என்னுடையதையும் கொஞ்சம் மிச்சப்படுத்தினால் நல்லது.

அவசரமாக ஒன்று கேட்க வேண்டும். மேலே சொன்ன சிலப்பதிகார ஏடு வெள்ளிக்கிழமை பைண்டிங்குக்குப் போகிறது. பட்டியலை மாற்றிக் கொடுக்கிறேன் என்றேன். கையேட்டை மீறினால் மதிப்பெண் போய்விடும் என்று அந்தப் பெண் பயப்படுகிறாள். 'அடிகள், இ.' அப்படியே இருக்கட்டுமா, மாற்றட்டுமா? வியாழன் மாலைக்குள் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
ரோஸ்ஹில்லிலிருந்து
உங்கள் மாணவர்களின் தட்டச்சுக்காரி